காலைப் பாருங்கள், கம்பு தானே தெரியும்

மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, “ஐயாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த நம் சிலம்பக் கலை” என்று ஆரம்பித்தால் பந்தலில் கைதட்டல் எழும். எனக்குக் கை எழுவதில்லை. நான் திருவக்கரைக்காரன். எங்கள் ஊரில் பழமை காலில் இடறும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கும் கல்மரங்களுக்கு வயது 2 கோடி ஆண்டு என்று சொல்கிறார்கள். 1781-இல் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி முதலில் எழுதி வைத்தார். எங்கள் பாட்டன்மார் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் ஆடு மேய்த்தார்கள். இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், மரமா கல்லா என்று தட்டிப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் போய்விடுகிறார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்ற ஆளைப் பார்ப்பது அரிது. வயது ஒரு பொருளுக்கு மரியாதை வாங்கித் தரும். அதை உட்கார்ந்து பார்க்க வைக்காது.

சிலம்பத்துக்கு இன்று வந்திருக்கும் சங்கடம் அதுதான். மரியாதைக்குக் குறைவில்லை. 2021-இல் தமிழக அரசு, விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலை ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகளிலும் இருக்கிறது. ஆடப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சான்றிதழ் வந்துவிட்டது. பார்க்கத் தெரிந்த ஆள்தான் வரவில்லை.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய ஆசானெல்லாம் இல்லை. சின்ன வயதில் ஊர் வாத்தியாரிடம் கொஞ்சம் கம்பு பிடித்ததும், வேலையில் இருந்தபோது போட்டிகளில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து புள்ளி எழுதியதும்தான் என் தகுதி. புள்ளி எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஆடுகளத்தையும் பார்க்கலாம், கூட்டத்தையும் பார்க்கலாம்.

ஒரு மாவட்டப் போட்டி எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் தனித்திறமைப் பிரிவு. ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, வாள் வீச்சு, மான்கொம்பு, சுருள்வாள். பிள்ளை கம்பைச் சுழற்றுவாள். கம்பு மறைந்து காற்றில் ஒரு வட்டம் மட்டும் தெரியும். அப்பா அம்மா, சித்தப்பா பெரியப்பா எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். விசில் பறக்கும். சாப்பாட்டு வேளை வந்ததும் பாதிக் கூட்டம் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடும். மதியத்துக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகு, கம்புச் சண்டை தொடங்கும். இருவர் எதிரெதிரே நின்று ஆடும் தொடுமுறை. அப்போது அங்கே இருப்பவர்கள் ஆடப்போகும் பிள்ளைகள், அவர்களுடைய ஆசான்கள், நாற்காலி அடுக்கக் காத்திருக்கும் பந்தல்காரர்.

சிலம்பத்தின் உயிரே அந்த மதியத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் நாம் விட்டுவிட்டுப் போகிறோம்.

இதோடு ‘உலக சாதனை’ என்ற வியாதி வேறு. கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, பானை மேல் நின்று சுற்றுவது, ஸ்கேட்டிங் சக்கரத்தில் சுற்றுவது, கம்பின் இரு முனையிலும் தீ வைத்துச் சுற்றுவது, இடைவிடாமல் மணிக்கணக்கில் சுற்றுவது. பச்சைப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி இதைச் செய்ய வைத்து, ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரை போட்ட தாளைக் கையில் கொடுத்து, மறுநாள் பத்திரிகையில் படமும் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தோள் வலி எனக்குத் தெரியும். பெரியவர்களைத்தான் கேட்கிறேன்: எதிரே ஆளில்லாமல் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அதில் சிலம்பம் எங்கே இருக்கிறது? கம்பு என்பது இன்னொரு கம்புக்குப் பதில் சொல்வதற்காக உண்டானது.

சினிமாவுக்கும் இதில் பங்குண்டு. எம்.ஜி.ஆர். உண்மையாகவே கம்பு சுற்றத் தெரிந்தவர். 1971-இல் வந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே அவர் கம்பு வீசும் காட்சிக்கு நானும் விசில் அடித்தவன்தான். ஆனால் அங்கே ஒருவருக்கு எதிராகப் பத்துப் பேர். பத்துப் பேரும் அடி வாங்குவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள். கேமரா நாயகனின் முகத்தையும் தோளையும் காட்டுமே தவிர காலைக் காட்டாது. அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சமபலமுள்ள இரண்டு பேர் ஒருவரையொருவர் அளந்துகொண்டு நிற்கும் அரை நிமிடம் ‘ஒன்றும் நடக்காத’ நேரமாகத்தான் தெரியும்.

அந்த அரை நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்று எனக்குப் புரிய வைத்தது சிலம்பம் இல்லை, கெண்டோ என்னும் ஜப்பானிய வாள்சண்டை. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் தங்கை மகன் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். பயிற்சிக்கென்று கம்பெனி அவனை ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கிருந்து ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு, “மாமா, இதுல யார் ஜெயிச்சான்னு சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டான். கருநீல உடை, இரும்புக் கம்பி போட்ட முகக்கவசம், கையில் மூங்கில் வாளோடு இரண்டு பேர். ஒருவர் முதுகில் சிவப்புத் துணி, மற்றவர் முதுகில் வெள்ளை. இரண்டு வாள்முனைகளும் தொட்டும் தொடாமலும் நடுவில் உரசிக்கொண்டிருந்தன. நெடுநேரம் அப்படியே. திடீரென்று ஒரு கத்தல், ஒரு பாய்ச்சல், ஒரு ‘பட்’. ஒருவரையொருவர் தாண்டிப் போய்விட்டார்கள். வெள்ளைக் கொடிகள் மேலே போயின. யார் யாரை எங்கே அடித்தார் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் விளையாட்டு சொல்லிக்கொடுத்தவனுக்கு இது சும்மா விடுகிற விஷயமா? வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

கெண்டோவின் சட்டம் எளிது. வழக்கமான ஆட்டம் 5 நிமிடம். முதலில் இரண்டு புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். அடிக்கலாம் என்று அனுமதித்த இடங்கள் நான்கே: தலை, மணிக்கட்டு, விலா, தொண்டையில் குத்து. ஷினாய் என்னும் அந்த வாள், நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துத் தோலால் கட்டியது. பெரியவர்களுடையது ஏறத்தாழ நான்கு அடி நீளம். பட்டையில் சிலாம்பு எழும்பியிருந்தால் எதிராளியின் முகக்கம்பிக்குள் புகுந்து கண்ணைக் குத்திவிடும் என்பதால் ஆட்டத்துக்கு முன் சோதித்துத்தான் விடுவார்கள். களத்தில் மூன்று நடுவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்புக் கொடி, ஒரு வெள்ளைக் கொடி. மூவரில் இருவர் கொடி உயர்த்தினால் புள்ளி.

நுட்பம் இதற்கு மேல்தான். வாள் தலையில் பட்டால் மட்டும் புள்ளி கிடையாது. வாளின் சரியான பகுதி பட வேண்டும். அந்தக் கணத்தில் கால் தரையை அறைய வேண்டும். தொண்டையிலிருந்து முழு மூச்சும் கத்தலாக வெளியே வர வேண்டும். மூன்றும் ஒரே நொடியில் சேர வேண்டும். அடித்த பிறகும் ஆள் தளரக் கூடாது. திரும்பி நின்று, எதிராளி மறுபடி வந்தால் எதிர்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். இந்த விழிப்பு இல்லையென்றால் கொடி எழாது. இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. புள்ளி எடுத்தவர் கையை உயர்த்திக் கொண்டாடினால், கொடுத்த புள்ளியையே பிடுங்கிக்கொள்ள நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஒரு கோல் போட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடும் காலத்தில் இப்படி ஒரு விதி!

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தபோது, முனையோடு முனை உரசும் அந்த ‘ஒன்றும் நடக்காத’ நேரம் பேச ஆரம்பித்தது. நடுக்கோடு யாருடையது என்பதற்கான சண்டை அது. என் வாள்முனை உன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நீ உள்ளே வர முடியாது. அதை நீ ஒரு விரற்கடை தள்ளிவிட்டால் உனக்கு வழி திறந்துவிடும். ஒருவர் அரை அடி முன்னே வருகிறார். மற்றவர் பின்வாங்கவில்லை. முதலாமவர் முனையை லேசாகத் தாழ்த்துகிறார், வா என்று கூப்பிடுவதுபோல. மற்றவரின் இடது குதிகால் கொஞ்சம் எழும்புகிறது. போதும். அவர் அடிக்க நினைத்து உடம்பு கிளம்பும் அந்தக் கணத்திலேயே இவருடைய வாள் அவர் மணிக்கட்டில் விழுந்துவிடும். எதிராளி அடித்த பிறகு தடுப்பது முதல்படிதான். அவன் எண்ணம் உடம்பில் தெரியும்போதே அடிப்பது கைதேர்ந்தவன் வேலை.

ஆண்டுதோறும் நவம்பர் 3 அன்று நடக்கும் அனைத்து ஜப்பான் கெண்டோ சாம்பியன் போட்டிக்கு டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கம் பேர்போனது. 1953-இல் தொடங்கிய போட்டி அது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ்காரர்கள். கனகாவா போலீஸைச் சேர்ந்த மியாசாகி மசாஹிரோ அதை ஆறு முறை வென்றார். 2000-இல் இறுதி ஆட்டத்தில் அவரை ஹொக்கைடோ போலீஸின் எய்கா நவோகி வீழ்த்தினார். 2014-இல் போலீஸ்காரர்களையெல்லாம் தாண்டி, தகெனோஉச்சி யூயா என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் கோப்பையைக் கொண்டுபோனார். அந்த வீடியோக்களில் கூட்டத்தின் சத்தத்தைக் கேளுங்கள். நல்ல அடி விழுந்தால் கொடி எழும்புவதற்கு முன்பே அரங்கத்தில் ‘ஓ’ என்று ஒரு மூச்சு கிளம்புகிறது. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடுவர் பார்ப்பது தெரிகிறது. எனக்குப் பொறாமை அந்தக் கூட்டத்தின்மேல்தான்.

கெண்டோ நேர்கோட்டு ஆட்டம். எதிராளியை நோக்கிக் கோடு இழுத்ததுபோலப் போவார்கள், வருவார்கள். சிலம்பம் அப்படியில்லை. திருவக்கரைச் சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கொடிமரம், நந்தி, மூலவர் எல்லாம் ஒரே கோட்டில் அமையாமல் கொஞ்சம் கொஞ்சம் விலகி இருக்கும். நல்ல சிலம்பக்காரனின் காலடியும் அப்படித்தான். எதிராளியின் கோட்டில் அவன் நிற்கவே மாட்டான். அரை அடி விலகி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, குறுக்கே புகுந்து வெளியேறுவான். கெண்டோவில் நடுக்கோட்டைப் பிடிப்பதற்குச் சண்டை என்றால், இங்கே கோட்டை விட்டு நழுவுவதற்குச் சண்டை.

ஒரு ஆட்டத்தைச் சொன்னால் விளங்கும். விழுப்புரத்தில் நடந்த மாணவியர் பிரிவு. ஒருத்தி நல்ல உயரம், கை நீளம். மற்றவள் அவள் தோளுக்குத்தான் வருவாள். எங்கள் பக்கத்துக் கல்குவாரியில் வேலை செய்பவரின் மகள். இருவரும் தரையைத் தொட்டுக் கும்பிட்டு, சலாம் வரிசை எடுத்து, தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். கம்பு நெற்றி உயரம் என்பது பழைய கணக்கு, ஆக நெட்டையின் கம்பும் நீளம். நெட்டையின் கம்பு எட்டும் தூரத்துக்குள் குட்டை போக வேண்டும், அடிபடாமல் போக வேண்டும். அவளுடைய சிக்கல் அவ்வளவுதான்.

நெட்டை பெரிய வீச்சாக இடமும் வலமும் வீசிக்கொண்டிருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருந்த கொஞ்சம் பேரும் அவளுக்குத்தான் கைதட்டினார்கள். குட்டை வீச்சைத் தடுக்கவே இல்லை. கம்பு அவள் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் போகும்படி பின்னங்காலை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தாள். அளவு எடுக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு முன்னங்காலை ஒரு தட்டுத் தட்டி, முழங்காலுக்குக் கம்பு வருவதுபோலப் பாவ்லா காட்டினாள். நெட்டை கம்பைத் தாழ்த்திக் காலைக் காத்தாள். குட்டை விலகிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே தட்டு, அதே முழங்கால். மறுபடி நெட்டையின் கம்பு கீழே. அடுத்த முறை கால் அதேபோலத் தட்டியது, தோளும் அதேபோலச் சாய்ந்தது, கம்பின் அடிப்பக்கம் அதே வழியில் கிளம்பியது. ஆனால் மணிக்கட்டு பாதி வழியில் புரண்டு, கம்பின் நுனி மேலேயிருந்து தோளில் வந்து இறங்கியது. வலிக்க அடிக்கவில்லை. தொட்டாள், இழுத்துக்கொண்டாள், விலகி நின்றாள். நடுவர் விசில் ஊதினார். கைதட்டல் இல்லை. பார்த்தவர்களுக்கு ஏதோ சின்னத் தொடல். அந்தச் சின்னத் தொடலுக்கு அவள் இரண்டு முறை விதை போட்டிருந்தாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் நெட்டை செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிய விஷயம். அவள் வீச்சை நிறுத்திவிட்டாள். கம்பை நீட்டிப் பிடித்து, நுனியைக் குட்டையின் மார்புக்கு நேராக வைத்துக் காத்திருந்தாள். மறுபடி முன்னங்கால் தட்டியது. இந்த முறை அவள் கம்பு தாழவில்லை. குட்டையின் தோள் சாயத் தொடங்கியபோதே நுனி போய் மார்புக்கவசத்தைத் தொட்டது. புடோகானில் போலீஸ்காரர்கள் செய்வதை, விழுப்புரத்துப் புழுதியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்துச் செய்தாள். அரை நிமிடத்தில் தோல்வியைப் படித்துப் பாடமாக்கிவிட்டாள். எந்த நேரலையும் இல்லை. மறுநாள் பத்திரிகையில் பெயர் வந்திருக்கலாம். எப்படி ஆடினாள் என்று ஒரு வரியும் வந்திருக்காது.

தொட்டதை எண்ணிப் புள்ளி போடுவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் சென்னைப் பெண் பவானி தேவி, மூங்கில் குச்சியில் பயிற்சியைத் தொடங்கி, ஒலிம்பிக் வாள்சண்டையில் ஆடிய முதல் இந்தியர் ஆனவர். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15–3 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7–15 என்று தோற்றார். அந்த விளையாட்டில் மேலங்கியில் மின்சாரம் ஓடும். வாள் பட்டால் விளக்கு எரியும். விளக்கு பொய் சொல்லாது என்பது பெரிய சௌகரியம். ஆனால் விளக்குக்கு அடி தெரியும், ஆள் தெரியாது. எப்படிப்பட்ட அடி, எந்தக் காலில் நின்று அடித்த அடி என்றெல்லாம் அதற்குக் கவலை கிடையாது.

எண்ணிக்கையா, அடியின் தரமா என்ற இந்தக் கேள்வி கெண்டோவுக்கும் வந்தது. 1945-க்குப் பிறகு ஜப்பானை ஆண்ட நேசப்படைகள் கெண்டோவைத் தடை செய்தன. வாள் கலை ராணுவ வெறியை வளர்க்கும் என்பது காரணம். தடையைத் தாண்டுவதற்காக 1950-இல் சட்டை, கால்சட்டை போட்டு, கத்தல் இல்லாமல், தொட்டதை எண்ணிப் புள்ளி போடும் ‘ஷினாய் கியோகி’ என்றொரு மென்மையான விளையாட்டை உருவாக்கினார்கள். 1952-இல் கெண்டோ சம்மேளனம் பிறந்தது. 1954-இல் இரண்டு அமைப்புகளும் ஒன்றாயின. அதன்பின் எண்ணிக்கை விளையாட்டு மறைந்தது, கெண்டோ நின்றது. ஒலிம்பிக்கில் கெண்டோ இன்றும் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜப்பானியச் சம்மேளனம் வாசலில் போய் நிற்கவும் இல்லை. 1970 முதல் தனியாக உலகப் போட்டி நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஜப்பான்காரர்களைத் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று மனிதக் கண்களை நம்பும் விளையாட்டில் மனிதக் குறைகளும் வரும். 2018-இல் அதே சம்மேளனத்தின் கீழ் வரும் இயாய்டோ என்ற வாள் கலையில், உயர்நிலைத் தேர்வுக்குத் தேர்வாளர்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது அம்பலமாகி நாறியது. பழமையும் பணிவும் ஊழலுக்குத் தடுப்பூசி கிடையாது.

நம் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். 3 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு ஒரு தொடு, ஒரு வேலை. குவாரித் தொழிலாளியின் மகளுக்கு அந்தச் சான்றிதழ் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அந்த ஒதுக்கீட்டை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிய விலை வைத்த பிறகு, யார் முதலில் தொட்டார் என்பதை நடுவர் ஒருவர் மட்டும் பார்த்தால் போதாது. கூட்டமும் பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்த கூட்டத்தின் முன்னால் நடுவரும் ஜாக்கிரதையாக இருப்பார். தெரியாத கூட்டம் செய்யக்கூடியதெல்லாம் தன் பிள்ளை தோற்றால் சத்தம் போடுவது மட்டும்தான்.

நம் ஜனங்களுக்குக் கண் இல்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் மாவட்டம் பாரதக் கூத்தின் மாவட்டம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்க்கும் கிழவி, துரியோதனன் வேஷக்காரன் ஒரு அடவைக் குறைத்தால் “போன வருஷம் வந்தவன் நல்லா ஆடினான்” என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவாள். அவளுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? சின்ன வயதிலிருந்து பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசினார்கள், அவ்வளவுதான். கபடியிலும் அப்படித்தான். பாடி வருகிறவன் எந்தக் காலை நீட்டுவான் என்று சைக்கிள் கடைக்காரருக்கும் தெரியும். சிலம்பத்தின் கம்புச் சண்டைக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லாமல் போய்விட்டது. அந்தக் காலத்தில் கம்பின் நுனியில் சாம்பலோ பொடியோ பூசி ஆடுவார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார். உடம்பில் ஒட்டிய தடத்தை ஊரே எண்ணும். நெற்றியில் பொட்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. நடுவர் அறிவிக்கும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

போட்டி நடத்துகிறவர்களிடம் சில விஷயங்கள் கேட்கிறேன். சண்டைப் பிரிவைக் காலையில் வையுங்கள். தனித்திறமையை மதியத்துக்குத் தள்ளுங்கள், பெற்றோர் எப்படியும் இருப்பார்கள். ‘ஐயாயிரம் ஆண்டு’ சொல்லும் மைக்கை, ஆட்டம் தெரிந்த ஒரு ஆசானிடம் கொடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு என்ன நடந்தது என்று நாலு வார்த்தை சொல்லட்டும். டிடி தமிழோ வேறு எந்தத் தொலைக்காட்சியோ கம்புச் சண்டையைக் காட்டுவதானால், தயவுசெய்து இடுப்புக்குக் கீழேயும் காட்டுங்கள். ஜெயித்து நெஞ்சைத் தட்டிக்கொண்டு கத்துகிற பிள்ளையின் புள்ளியைப் பிடுங்கச் சொல்லமாட்டேன், நமக்கு அவ்வளவு கடுமை ஆகாது. எதிராளியைக் கும்பிட்டுவிட்டுக் கத்தட்டும்.

வாசகர்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. அடுத்த முறை உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சிலம்பப் போட்டி என்று தட்டி வைத்திருந்தால், சாப்பிட்டுவிட்டு மதியம் போங்கள். கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். கம்பைப் பார்க்காதீர்கள், அது கண்ணை ஏமாற்றும். முதல் ஐந்து நிமிடம் கால்களை மட்டும் பாருங்கள். எந்தக் கால் தட்டுகிறது, எது விலகுகிறது, யார் தூரத்தை அளக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் பெரியவரிடம் கேளுங்கள். அநேகமாக அவர்தான் ஆசானாக இருப்பார், கேட்க ஆளில்லாமல்தான் நின்றுகொண்டிருப்பார்.